அந்தப் பறவை ஏன் சிறகை விரித்தது?



எங்கள் வீட்டு முன் விறாந்தைச் சுவரிலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. 1981 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வீட்டிலிருந்து கால் மணி நேர நடைத் தூரத்திலுள்ள உவர் வெளியிலே நானே பிடித்த படம் அது. வெளுத்து வெடித்த தரை. அதன் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக் கூடிய ஒரு சின்னஞ் சிறு பறவை. ஒரு சிறகைத் தரையோடு தரையாக விரித்து, வாலை விசிறி போல் அகட்டி, தலையைச் சற்றே திருப்பி என்னையே பார்த்துக் கொண்டிருக்கிறது. ‘கடற்கரை நர்த்தனம்’ என்று அதற்குப் பெயர் சூட்டினேன். பாடசாலைக் கண்காட்சி ஒன்றில் அதற்கு முதற் பரிசு கிடைத்தது. 1990 இல் மன்னாரை விட்டு மடுவுக்கு ஓடியபோது, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்களோடு இந்தப் படமும் தகரப் பெட்டிக்குள் ஏறிக் கொண்டது. வீடு போயிற்று, தோணி போயிற்று, படம் போகவில்லை. திரும்பி வந்து புதிதாக வீடு கட்டிய பின் நான் அடித்த முதல் ஆணி இந்தப் படத்துக்காகவே.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த என் பேத்தி இந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். அவளுக்கு வயது பதினொன்று.

“அம்மப்பா, இந்தக் குருவிக்குச் செட்டை முறிஞ்சு போச்சுதோ?” என்று கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை, அது நடனமாடுது” என்றேன், வழக்கமான பெருமையோடு.

“நடனம் இல்லை அம்மப்பா. கூட்டுக்குக் கிட்ட ஆக்கள் வந்தால், செட்டை முறிஞ்ச மாதிரி நடிச்சு அவையளை வேற பக்கம் கூட்டிக் கொண்டு போகுமாம். புத்தகத்தில படிச்சனான். நீங்கள் அதின்ரை கூட்டுக்குக் கிட்டவோ போனீங்கள்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் விடவில்லை. “பிறகு முட்டையளுக்கு என்ன நடந்தது?” என்றாள்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியால் விளைந்த சிந்தனை சிலவற்றை உங்களோடு பகிர்ந்து கொள்வது என் கடமை என்று எண்ணுகிறேன். ஏனெனில் இன்று நம் வீடுகளில் கமரா இல்லாத கை இல்லை.

அன்று நடந்தது

வெளிநாட்டில் வேலை பார்த்த என் மைத்துனர் கொண்டுவந்து தந்த கமரா அது. நீண்ட வில்லை ஒன்றும் கூடவே வந்தது. அன்று பாடசாலை இல்லை. நண்பகல் வேளை. சோளகக் காற்று உப்பையும் புழுதியையும் வாரிக் கொண்டிருந்தது. வெறுங்காலை வைக்க முடியாத சூடு. நான் நடந்து போகையில் ஒரு சிறு பறவை என் காலடியிலிருந்து ஓடிற்று. கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது; சிறகை இழுத்துக் கொண்டு தவழ்ந்தது; நான் நெருங்க எழுந்து ஓடி மறுபடியும் விழுந்தது. ‘இப்படியும் ஒரு வாய்ப்புக் கிடைக்குமா!’ என்று மனம் துள்ளிற்று. அதைத் தொடர்ந்தேன். அது நின்றதும் நானும் நின்றேன். பிலிமில் மீதியாய் இருந்த ஒன்பது படங்களையும் அதன் மேலேயே செலவழித்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். திரும்பி வரும் வழியில், நான் முதலிலே நின்ற இடத்துக்கு அருகே இரண்டு காகங்கள் தரையில் நடந்து கொண்டிருந்ததாக ஒரு நினைவு. அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

இன்று நான் அறிந்தது இதுதான். இந்தப் பறவைகள் மரத்திலே கூடு கட்டுவதில்லை. வெறுந் தரையில் ஒரு சிறு குழி. அதற்குள் இரண்டோ மூன்றோ முட்டைகள். மணலின் நிறமே முட்டையின் நிறம். அதுவே அதற்குக் காவல். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். நம்மூர் வெயிலில் அடைகாத்தல் என்பது முட்டைக்குச் சூடு கொடுப்பது மாத்திரமன்று. நண்பகலிலே முட்டை வெந்து போகாமல் நிழல் கொடுப்பதும் அதுவே. வயிற்றிறகுகளை நீரிலே நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் இத்தகைய பறவைகளின் வழக்கம். அப்படிப்பட்ட ஒரு வேளையில் அரை மணி நேரம் அந்தத் தாயையோ தகப்பனையோ கூட்டை விட்டு நான் விலக்கி வைத்திருக்கிறேன். முறிந்த சிறகு போல் அது காட்டியது, ‘முட்டையை விடு, என்னைப் பிடி’ என்ற அழைப்பு. நான் அதைப் பிடித்தேன், கமராவால். அது போட்ட தூண்டிலை நான் விழுங்கினேன். ஆனால் விலகிப் போகவில்லை. நான் விலகிப் போகாதபடியால் அது தன் கூட்டுக்குத் திரும்ப முடியவில்லை.

இது எந்தக் கணக்கில் சேரும்?

இரவில் ஆத்தும சோதனை செய்யும் பழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இன்று எதிலே தவறினேன் என்று பார்ப்போம். அன்று செய்ததை எந்தக் கட்டளையின் கீழ் வைப்பேன்? நான் கொல்லவில்லை, களவெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை. ஒரு முட்டையைத் தொடக்கூட இல்லை. கவணும் கண்ணியும் கொண்டு போன பையன்களைக் கண்டித்த ஆசிரியன் நான். ‘பறவையைப் பிடியாதே, படத்தைப் பிடி’ என்று வகுப்பிலே சொல்லியிருக்கிறேன்.

படம் எடுப்பவன் எதையும் எடுப்பதில்லை என்பதே நம் எல்லோருடைய எண்ணம். நம் மொழியைப் பாருங்கள். ‘படம் எடுத்தான்’ என்கிறோம். ‘படம் பிடித்தான்’ என்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் கடற்கரையில் வாழும் நமக்குத் தெரிந்த சொற்கள். மீனைப் பிடிக்கிறோம், சங்கை எடுக்கிறோம். அவற்றைச் செய்பவனுக்குத் தான் ஒன்றை எடுக்கிறேன் என்பது தெரியும். ஆகையால் அவனுக்கு ஓர் எல்லையும் தெரியும். எவ்வளவு சிறிய கண்ணுள்ள வலை ஆகாது, எந்த மீன் குஞ்சு, எந்தக் காலத்தில் எங்கே வலை போடக் கூடாது என்பதெல்லாம் பிழைப்போடு சேர்ந்து வந்த அறிவு. மீறுபவர்கள் உண்டு, மீறினோம் என்பது அவர்களுக்கும் தெரியும். படம் பிடிப்பவனுக்கோ தான் எடுக்கிறேன் என்பதே தெரியாது. தெரியாதபடியால் எல்லையும் இல்லை.

அன்று பிலிம் ஓர் எல்லையாக இருந்தது. ஒரு சுருளில் 36 படம். அதைக் கழுவி அச்சிடக் காசு வேண்டும். காசில்லாதவனின் ஒழுக்கம் அது, ஆயினும் ஒழுக்கந்தான். இன்று கைத்தொலைபேசியில் ஒரு மாலையில் முந்நூறு படம் எடுத்தாலும் செலவில்லை என்கிறோம். செலவு இல்லாமற் போகவில்லை. அது நம் சட்டைப் பையிலிருந்து போகவில்லை, அவ்வளவுதான். வேறு யாரோ கட்டுகிறார்கள். யார் கட்டுகிறார்கள் என்று பார்ப்பதே நம் முன்னுள்ள கேள்வி.

எழுந்து பறக்கும் கூட்டம்

வாடைக்காலத்தில் மன்னார்த் தாம்போதியால் வருபவர்கள் கண்டிருப்பீர்கள். மாரி மழை விழுந்து களப்பு நிறைந்ததும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ஊசிவால் வாத்துகளும் பலவகை உள்ளான்களும் ஆசியாவின் வடகோடியிலிருந்து பறந்து வந்து இங்கே மாரியைக் கழிக்கும். இந்தியாவுக்கு ஊடாக வரும் பறவைகள் நிலம் முடிந்து, கடல் தாண்டி, முதலிற் காணும் கரை நம்முடையது. வங்காலைக் களப்பும் அதனைச் சூழ்ந்த 4,839 ஹெக்டேயர் நிலமும் 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் றம்சார் பட்டியலிலும் வங்காலை இடம்பெற்றது. நாம் சைக்கிளிலே கடந்து போகும் இடம் உலகப் பட்டியலில் இருக்கிறது என்பது நமக்குப் பெருமைதான்.

பூநாரை நிற்கும்போது வெள்ளையும் வெளிர் இளஞ்சிவப்புமாகத் தெரியும். சிறகு விரித்தால்தான் உள்ளேயுள்ள செம்மையும் கருமையும் வெளிப்படும். ஆகவே படம் பிடிப்பவர்களுக்கு அது நிற்பது போதாது. எழுந்து பறக்க வேண்டும். அதற்காகக் கை தட்டுகிறார்கள், வாகனத்தின் ஹோனை அடிக்கிறார்கள், சேற்றிலே இறங்கி நடக்கிறார்கள், சிறு ஆளில்லா விமானங்களை ஏவுகிறார்கள். கூட்டம் எழுகிறது. ‘ஆகா!’ என்கிறோம். அந்தப் படம் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் போய்விடுகிறது.

பூநாரை கொக்கைப் போல் சட்டென்று எழும் பறவை அன்று. தண்ணீரின் மேல் ஓடி, ஓடி, பிறகே எழ வேண்டும். அது தலையைக் கவிழ்த்து, நீரைச் சலித்து, சிறு இறாலையும் பாசியையும் உண்பது. வயிறு நிரம்பப் பல மணி நேரம் வேண்டும். ஒருமுறை எழுப்பினால் தின்ற நேரமும் போகிறது, தின்றதால் வந்த பலமும் போகிறது. ஒரு முறைதானே என்பீர்கள். ஆனால் தாம்போதியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை வாகனம் நிற்கிறது? ஒவ்வொருவருக்கும் அது ஒரு முறை; பறவைக்கு அது இருபதாவது முறை. பங்குனியிலே திரும்பி ஆயிரக்கணக்கான மைல் பறக்க வேண்டிய வாத்துக்கும் உள்ளானுக்கும் இங்கே சேர்க்கும் கொழுப்பே வழிச் செலவு. ஏழைப் பிரயாணியின் மடிப் பணத்தில் ஆளுக்கொரு சதம் எடுத்தால், எடுத்தவர் எவருக்கும் தாம் திருடினோம் என்று தோன்றாது. ஆனால் அவன் ஊர் போய்ச் சேரமாட்டான்.

காட்சியாகிப் போன மனிதர்

பறவையோடு இது நின்றுவிடவில்லை. கடற்கரைக் காட்சி என்று நாம் சொல்வதற்குள் மனிதரும் அகப்பட்டுக் கொள்கிறார்கள். வாடி, வள்ளம், காயும் வலை, கருவாடு பரப்பும் பெண், எல்லாம் நம் படத்துக்கு அழகு. ஒரு முறை கரைவலை இழுப்பவர்களைப் படம் பிடிக்கப் போனேன். இன்று பல இடங்களில் உழவு இயந்திரம் கட்டி இழுக்கிறார்கள். அப்போது ஆட்கள் இரண்டு அணியாய் நின்று, அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். சூரியன் சரியான இடத்துக்கு வரட்டும் என்று, “அண்ணை, கொஞ்சம் அப்பிடியே நில்லுங்கோ” என்று கத்தினேன். சிலர் மரியாதைக்காக நின்றும் விட்டார்கள்.

வேலை முடிந்த பின் அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். “வாத்தியார், நீங்கள் படம் எடுத்தால் எங்களுக்கு ஒண்டும் குறையாது. எடுங்கோ. ஆனால் வலை இழுக்கிற நேரம் நில் எண்டு சொல்லாதையுங்கோ. ஒரு பக்கம் நிண்டால் மற்றப் பக்கம் இழுத்துப் போடும். மடியில கிடக்கிற மீனுக்கு வழி தெரிஞ்சு போகும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் நினைவிருக்கிறது. அவருடைய வேலையை நான் ஒரு காட்சியாகப் பார்த்தேன். அவருக்கோ அது பத்து வீட்டு அடுப்பு.

இன்னொன்றும் உண்டு. நம் கரையோர மக்கள் தம் விருப்பத்தைக் கேளாமல் படம் பிடிக்கப்பட்ட மக்கள். 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்த பின் முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் தம் பிள்ளைகளைத் தேடி நின்றவர்களின் முகங்களை உலகம் பார்த்தது. போர்க்காலத்தில் கூடாரத்துக்கு முன் வரிசையில் நின்ற முகங்களையும் பார்த்தது. அந்தப் படங்கள் உதவியையும் கொண்டு வந்தன. அதை மறுக்க மாட்டேன். ஆயினும் தன் வாழ்வின் மிகக் கொடிய நாளில், அறியாத ஒருவன் தன் முகத்தை எடுத்துக் கொண்டு போய்விட்டான் என்று நினைக்கும் தாய்மார் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்களுக்கு முன் கமராவை உயர்த்துமுன் ஒரு வார்த்தை கேட்பது பெரிய காரியமா?

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் படமே பிடிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

படம் உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை நேசிப்பவர் என்றால் அதைச் சுட்டுப் பாடம் செய்து பெட்டியில் வைப்பவர், முட்டையைச் சேகரிப்பவர் என்றே பொருள். இங்கிலாந்திலே றிச்சட் கேட்டன், செரி கேட்டன் என்ற இரு சகோதரர்கள் 1890 களில் துப்பாக்கிக்குப் பதிலாகக் கமராவைத் தூக்கினார்கள். பறவை அஞ்சாதிருக்க, உள்ளே வெறுமையாக்கிய ஒரு பாடம் செய்த எருதுக்குள் ஒளிந்திருந்தும் படம் பிடித்தார்கள். அதைக் கேட்டுச் சிரிப்போம். ஆனால் பறவை சிரமப்படாதிருக்கத் தாம் சிரமப்பட வேண்டும் என்ற எண்ணம் அதிலே இருந்தது. அதே நாட்டின் எரிக் ஹொஸ்கிங் என்ற புகழ்பெற்ற பறவைப் படப்பிடிப்பாளர், 1937 இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே போனபோது, அது பாய்ந்து கீறியதால் தம் ஒரு கண்ணை இழந்தார். அதன் பின்னும் வாழ்நாளெல்லாம் பறவைகளைப் படம் பிடித்தார். நான் துரத்திய சிறு பறவைக்கு ஆந்தையின் நகம் இல்லை. நடிப்பு மாத்திரமே இருந்தது. பலமுள்ளது தன் கூட்டைக் காக்கும்போது நமக்கு விளங்குகிறது. பலமற்றது காக்கும்போது அதை நர்த்தனம் என்கிறோம்.

அந்தச் சிறு பறவையைப் பற்றி இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். உப்புக்கொத்தி வகையைச் சேர்ந்த அதை நாங்கள் வெறுமனே உள்ளான் என்போம். பல நாடுகளில் காணப்படும் ஓர் இனத்தின் கிளையாகவே அதை அறிஞரும் நெடுங்காலம் எண்ணினர். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2023 இல் வெளியாகியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாய் வாழும் இது தனியான ஓர் இனம் என்று அதன்பின் ஏற்றுக் கொள்ளப்பட்டது. ஆங்கிலத்தில் அனுமனின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயுள்ள மணற்றிட்டுகளை அனுமனின் சேனை கட்டிய அணை என்று நம் இந்து சகோதரர்கள் சொல்வது நீங்கள் அறிந்ததே. என் படத்திலுள்ளதும் அந்தப் பறவையே என்று, பறவைகளை நன்கறிந்த ஒருவர் பார்த்துச் சொன்னார்.

எண்ணிப் பாருங்கள். வேறெங்கோ உள்ள அதிசயம் அல்ல. எங்கள் வீட்டுக் கோடிக்கப்பால் ஓடித் திரிந்த உயிர். பூநாரையைப் பிடிக்கத் தூக்கிய எத்தனையோ கமராக்கள் அதன் தலைக்கு மேலாகப் பார்த்தன. பொறுமையாக அளந்து, ஒப்பிட்டு, வருடக்கணக்கில் கவனித்தவர்களுக்கே அது யாரென்று தெரிந்தது. நானும் அதைப் பார்த்தேன், படமும் பிடித்தேன். ஆனால் அது என்ன செய்கிறது என்பதையே கண்டுகொள்ளவில்லை. ஆகையால் எடுத்த படம் இருக்கிறது என்பதற்காக, நான் அந்தப் பறவையைக் கண்டேன் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு அண்மையில் என்பதன் பொருள்

தூர தேசத்திலிருந்து வருபவனுக்கு ஒரு நொண்டிச் சாட்டாவது உண்டு. ‘இன்று விட்டால் இனி எப்போது வருவேன்?’ என்பான். நமக்கு அந்தச் சாட்டும் இல்லை. நாம் இங்கேயே இருக்கிறோம். இன்று வெளிச்சம் சரியில்லையா? நாளைக்கும் சூரியன் அதே பனைகளுக்குப் பின்னால்தான் விழும். இன்று பறவை கூட்டில் இருக்கிறதா? இரண்டு மாதம் பொறுத்தால் குஞ்சோடு ஓடித் திரியும். அண்மையில் இருப்பவனுக்குக் கடவுள் கொடுத்த பெரிய வசதி அவசரப்படத் தேவையில்லை என்பதே. அந்த வசதியை நாம் பயன்படுத்துவதில்லை. அயலவனாயிருந்தும் விருந்தாளியைப் போல் அள்ளிக் கொண்டு ஓடுகிறோம்.

அயலவன் என்பவன் யார்? வேலி இல்லாவிட்டாலும் எல்லை தெரிந்தவன். பக்கத்து வீட்டில் பிள்ளைப் பேறு நடந்தால் நாம் எட்டிப் பார்ப்போமா? கதவு தானாகத் திறக்கும் வரை காத்திருப்போம். அந்த மரியாதையையே உவர் வெளிக்கும் களப்புக்கும் கொண்டு போகச் சொல்கிறேன்.

அதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நீங்கள் வந்ததால் அந்த உயிர் தான் செய்து கொண்டிருந்ததை நிறுத்திற்றா? இரை தின்ற பறவை தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தால், அதுவே ‘போதும்’ என்ற சொல். இன்னும் ஓரடி வைத்தால் எல்லை மீறினீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். தாம்போதியில் நின்றால் வாகனத்துக்குள் இருந்தபடியே பாருங்கள். நடந்து வரும் மனிதருக்கு மிரளும் பறவை நிற்கும் வாகனத்தை அவ்வளவு பொருட்படுத்தாது. நண்பகலில் கூட்டருகே போகவே வேண்டாம். சிறகை இழுத்து ஒரு பறவை உங்கள் முன் விழுந்தால், அது காட்டும் பக்கமாகவே விரைவாய் நடந்து, அப்படியே அவ்விடத்தை விட்டு நீங்கி விடுங்கள். அது நடித்ததற்குக் கூலி அதுவே. கூடு இருக்கும் இடத்தை எவருக்கும் அறிவிக்காதீர்கள். இன்றைய தொலைபேசிகள், நாம் தடுக்காவிட்டால், படத்தோடு இடத்தையும் குறித்து வைத்து விடும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மணல் மேட்டில் நல்ல கோணம் தேடி மோட்டார் சைக்கிளை ஏற்றாதீர்கள். அங்கே படர்ந்திருப்பது அடம்பன் கொடி. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று நம் முன்னோர் சொன்னது சும்மா அல்ல. கரை மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

மனிதரிடம் கேட்டுப் படம் எடுங்கள். எடுத்த படத்தில் ஒன்றை அச்சிட்டு அவருக்கே கொண்டு போய்க் கொடுங்கள். இடப்பெயர்விலே குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் இழந்த வீடுகள் நம்மிடையே எத்தனை! தகப்பன் வள்ளத்தில் நிற்கும் ஒரு படம் அந்த வீட்டுக்கு என்னவாயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எடுப்பது கொடுப்பதிலே போய் முடிந்தால் அந்த எடுத்தலில் குறையில்லை.

படம் இன்னும் சுவரில் இருக்கிறது

அந்தப் படத்தைக் கழற்றி விடுவதா என்று சில நாள் யோசித்தேன். “வீட்டின் முதற் பரிசு அது, கிடக்கட்டும்” என்றார் மனைவி. பேத்தியிடம் கேட்டேன். அவள், “கழற்ற வேண்டாம் அம்மப்பா, பேரை மாத்துங்கோ” என்றாள். ‘கடற்கரை நர்த்தனம்’ என்ற பழைய தாளைக் கிழித்து விட்டு, அவளுடைய கையெழுத்திலேயே புதிய தாள் ஒன்றை ஒட்டினோம். ‘முட்டையைக் காக்கும் பறவை. 1981’ என்று அதில் இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் படத்தைப் புகழ்வார்கள். பிறகு பெயரை வாசிப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். நடந்ததைச் சொல்வேன். முதலில் கூச்சமாயிருந்தது. இப்போது பழகிவிட்டது.

அவள் திரும்பிப் போவதற்கு முதல் நாள் இருவரும் அந்த உவர் வெளிக்குப் போனோம். மாலை நேரம். தூரத்திலேயே நின்றோம். ஒரு சிறு பறவை ஓடுவதும் நிற்பதும் குனிந்து கொத்துவதுமாயிருந்தது. அவள் தாயின் தொலைபேசியால் ஒரே ஒரு படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதிலே வானமும் தரையும் இருந்தன. பறவை எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது. “இந்தாப் பாருங்கோ, இந்தப் புள்ளிதான்” என்று விரலால் தொட்டுக் காட்டினாள். நாங்கள் வரும்போதும் அது இரை கொத்திக் கொண்டுதான் நின்றது.

வரும் மாரியில் பூநாரைகள் திரும்பவும் வரும். நத்தார் விடுமுறைக்கு உங்கள் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் தொலைபேசியைத் தூக்கிக் கொண்டு தாம்போதிக்குப் போகக் கேட்பார்கள். கூட்டிக் கொண்டு போங்கள், படமும் எடுக்கட்டும். ஆனால் எடுத்து முடிந்ததும் அவர்களிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “நாங்கள் வந்த நேரம் அது என்ன செய்து கொண்டு நிண்டது? இப்ப என்ன செய்யுது?” இரண்டுக்கும் ஒரே விடை வருமானால், அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாம்.